கட்டுமரத்தை விறகாக்கலாமா? கடற்கரை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கடற்கரை ஊர்களின் கலங்கள், தொழில், பேச்சு, பாட்டு, பழைய தாள்கள் இவற்றையெல்லாம் எப்படிக் காப்பாற்றி வைப்பது என்று கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். குமரியிலிருந்து பழவேற்காடு வரை எழுதியிருக்கிறீர்கள், கடலுக்கு அந்தப் பக்கம் வல்வெட்டித்துறைக்காரர் ஒருவரும் எழுதியிருக்கிறார். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இடம் இருக்கிற வரை பதில் சொல்கிறேன்.

முட்டத்திலிருந்து ஒரு வாசகர்: தாத்தா ஓட்டிய கட்டுமரம் வீட்டுப் பின்னால் பல வருடமாகக் கிடக்கிறது. விறகுக்கு வெட்டிவிடலாம் என்கிறார் அம்மா. கோயில் முன்னால் சிமென்ட் மேடை கட்டி, பெயின்ட் அடித்து நிறுத்தலாம் என்கிறார்கள் ஊரில் சிலர். எது நல்லது?

இரண்டும் வேண்டாம் தம்பி. விறகாக்குவது ஏன் கூடாது என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சிமென்ட் மேடையும் மெதுவாக அதே வேலையைத்தான் செய்யும். மேடையில் மழைத்தண்ணீர் தேங்கும், மரத்தின் அடிப்பக்கம் காயவே காயாது, மேலே எனாமல் பெயின்ட் வேறு மூடிவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும்.

முதலில் கட்டுமரம் எப்படிப்பட்ட கலம் என்று நினைவில் வையுங்கள். லேசான மரத்தடிகளைச் செதுக்கி, பக்கத்தில் பக்கமாக வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது அது, ஆணிக்கு வேலையே இல்லை. கடலுக்குப் போய் வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள், ஏனென்றால் அந்த மரம் தண்ணீர் குடிக்கும், குடித்தால் கனக்கும், கனத்தால் மறுநாள் தள்ளுவது பெரும்பாடு. அதாவது உங்கள் தாத்தா தொழிலுக்குப் போன ஒவ்வொரு முறையும் அதைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டியிருக்கிறார். அந்தக் கை வேலை போய்விட்டால் உங்களிடம் மிஞ்சுவது வெறும் தடிகள்தான்.

அதனால் மரத்தை நகர்த்துவதற்கு முன்னாலேயே அது கிடக்கிற கிடையில் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். ஒவ்வொரு தடியின் நீளம், தலைப்பிலும் நடுவிலும் கடைசியிலும் உள்ள அகலம், கயிறு உட்கார வெட்டிய பள்ளம், துளை எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து ஒரு நோட்டில் படமாக வரையுங்கள். எந்தத் தடி நடு, எது இடது, எது வலது என்று சின்னத் தகடு கட்டிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு பெயர் இருக்கும், பெரியவர்களைக் கேட்டு அந்தப் பெயரையே எழுதுங்கள். அப்புறம் கட்டுமரம் கட்டத் தெரிந்த ஒருவரை அழைத்து வாருங்கள், முட்டத்தில் இன்னும் இருப்பார்கள். அவர் கட்டுவதை முகம் தெரிய ஒரு தடவையும், கை மட்டும் தெரிய இன்னொரு தடவையும், வெட்டாமல் கொள்ளாமல் முழுசாக வீடியோ எடுங்கள். கயிற்றை எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவருகிறார், எத்தனை சுற்று, எங்கே காலை ஊன்றி இழுக்கிறார், கடைசி முடிச்சு என்ன என்று பார்க்கிறவருக்குத் தெரியவேண்டும்.

பிறகு வைக்கும் இடம். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கருங்கல்லையோ செங்கல்லையோ அடுக்கி அதன் மேல் வையுங்கள். மேலே ஓலைக் கூரையோ ஓட்டுக் கூரையோ இருக்கட்டும், நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். பிளாஸ்டிக் தார்ப்பாயை நேராக மரத்தின் மேல் போர்த்தாதீர்கள். கற்களில் கரையான் மண் ஏறுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். மரக்கலங்களுக்கு மீன் எண்ணெய், முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது நம் கரையில் பழைய வழக்கம், தாத்தா எது பூசினார் என்று விசாரித்து அதையே பூசுங்கள். முனை உளுத்திருந்தால் அறுத்துச் சீர் செய்ய வேண்டாம், அப்படியே இருக்கட்டும். துடுப்பு, பாய், கயிறு இருந்தால் அவற்றை வீட்டுக்குள் வையுங்கள். கடைசியாக ஒரு தாளில் தாத்தா பெயர், செய்தவர் பெயர், மரம் எங்கிருந்து வந்தது, எந்த வருடம்வரை ஓடியது என்று எழுதி, அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். விறகுப் பேச்சு அத்தோடு நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக இருந்தவர், பாய் விரித்துக் கொழும்புக்குப் போய் வந்தவர். பதிவு செய்யலாம் என்று போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ‘அப்பல்லாம் ரொம்பக் கஷ்டம் பாத்துக்கோ’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். எப்படிப் பேச வைப்பது?

நல்ல காரியம் செய்கிறீர்கள், நிறுத்திவிடாதீர்கள். ‘உங்க அனுபவத்தச் சொல்லுங்க தாத்தா’ என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஒரு வரியில்தான் சொல்வார்கள். வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் ஒரே கேள்வியில் கேட்டால் அவர் எங்கிருந்து ஆரம்பிப்பார்? சின்னச் சின்னதாகக் கேளுங்கள். தோணியில் யார் சமைப்பார்கள், அடுப்பு எங்கே இருக்கும், அலை அடிக்கும்போது உலை எப்படிக் கவிழாமல் நிற்கும். குடிதண்ணீர் எதில் எடுத்துப் போவீர்கள். இங்கிருந்து என்ன சரக்கு, அங்கிருந்து என்ன சரக்கு. பாய் கிழிந்தால் யார் தைப்பது, எந்த ஊசி. பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்தால் கலப்பத்து அடிக்க யார் வருவார், பஞ்சும் குங்கிலியமும் எங்கே வாங்குவீர்கள். இராத்திரி எந்த வெள்ளியைப் பார்த்துத் திசை பிடிப்பீர்கள். ஆறாமீன் என்கிற கார்த்திகை வெள்ளிக் கூட்டம் எந்த மாதம் எங்கே நிற்கும். இப்படி ஒன்று கேட்டால் அவர் பத்து சொல்வார்.

கையில் ஏதாவது கொடுத்துப் பேச வைப்பது இன்னும் நல்லது. ஒரு கயிற்றுத் துண்டு போதும். பேச்சு வராதவர்களுக்கும் கயிற்றைக் கையில் எடுத்ததும் விரல் தானாக முடிச்சுப் போடும், ‘இது எதுக்கு தாத்தா’ என்று கேட்டால் கதை அங்கேயிருந்து கிளம்பும். முடிந்தால் பழைய துறைமுகப் பக்கம் அழைத்துப் போய் உட்காருங்கள். கூடத் தோணியில் போன இன்னொரு பெரியவர் ஊரில் இருந்தால் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் ‘அப்படி இல்லவே’ என்று மறுப்பார் பாருங்கள், நீங்கள் தேடுகிற விஷயமெல்லாம் அந்தச் சண்டையில்தான் வரும்.

காற்றைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்ற பெயர்கள் அகராதியிலேயே கிடைக்கும். கச்சான் கடுமையாக எடுத்தால் பாயை எப்படிச் சுருக்குவார்கள், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கும், காற்று மாறப்போகிறது என்று தண்ணீரின் நிறத்திலும் வானத்திலும் எதைப் பார்த்துச் சொல்வார்கள் என்பது அவரிடம்தான் இருக்கிறது. ஒரே காற்றுக்குப் பக்கத்து ஊரில் வேறு பெயர் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், எது சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். எழுதும்போது அவர் பேச்சை அவர் பேச்சாகவே எழுதுங்கள், புத்தகத் தமிழாகத் திருத்தினால் பாதி போய்விடும்.

போனை ‘ஃபிளைட் மோடு’க்கு மாற்றி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவருக்குப் பக்கத்தில் வையுங்கள். கடற்கரையில் என்றால் ஒலிவாங்கியின் மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைச் சுற்றினால் காற்று இரைச்சல் குறையும். ஆரம்பத்தில் தேதி, ஊர், அவர் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் போதும், களைத்துவிட்டால் இன்னொரு நாள். அசல் கோப்பை அப்படியே இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை அசல் என்று நினைத்துவிடாதீர்கள், அது சுருங்கிப்போனது. நடுவில் எப்போதாவது ‘இத நிறுத்து’ என்பார். உடனே நிறுத்துங்கள். கேட்டதை எல்லாம் பதிவு செய்யும் உரிமை பேத்திக்கும் கிடையாது.

மீன்பிடித் தொழிலில் இருந்தவர்களைப் பதிவு செய்கிறவர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கடலுக்கடியில் பார், அதாவது மீன் கூடும் பாறைத்திட்டு, இருக்கும் இடத்தைக் கரை அடையாளம் வைத்துக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை. கோயில் கோபுரம் மலை முகட்டுக்கு நேராக வரவேண்டும், அதே சமயம் இன்னொரு பக்கம் ஒரு பனங்கூட்டம் வேறொரு குன்றுக்கு நேராக வரவேண்டும், இரண்டும் ஒன்றாக அமைகிற இடத்தில் கீழே பார். தெற்கே குமரி, திருவனந்தபுரம் கரைகளில் இதைக் கணிச்சம் என்பார்கள். அந்த முறையை எவ்வளவு வேண்டுமானாலும் விளக்கமாகப் பதிவு செய்யுங்கள். ஆனால் குறிப்பிட்ட பார் எங்கே இருக்கிறது என்பது அந்தக் குடும்பத்தின், அந்த ஊரின் பிழைப்பு. அதை எடுத்துப் பொதுவெளியில் போடுவது துரோகம்.

காலம் தாழ்த்தாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அன்றைக்கு இருபது வயதில் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கியவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மச்சானாகத்தான் இருக்கவேண்டும், தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டார் என்று முத்துக்குளித்துறையில் சொல்வார்கள். அந்தக் கயிறு எத்தனை தடவை அசைந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். தாத்தாவை முடித்த கையோடு அவர்களையும் பாருங்கள்.

நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து ஒரு மீனவர்: வலையில் ஒரு பழைய ஜாடியும் ஆணி போட்ட மரத்துண்டும் ஏறி வந்தன. மேலெல்லாம் சிப்பி ஒட்டியிருக்கிறது. சுத்தம் செய்து வீட்டில் வைக்கலாமா? வெளியே சொன்னால் விசாரணை அது இதென்று தொழில் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

முதல் வேலை, இரண்டையும் காயவிடாதீர்கள். கடலுக்குள் பல காலம் கிடந்த மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் தண்ணீர்தான் நிரம்பி அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. வெயிலில் வைத்தால் தண்ணீர் போய், மரம் சுருங்கி, வெடித்து, சில நாளில் உருத்தெரியாமல் ஆகிவிடும். ஜாடிக்குள் ஏறியிருக்கும் உப்பு காயும்போது படிகமாகி மேற்பூச்சை உதிர்த்துவிடும். சுவீடனில் 1628இல் முழுகிய வாசா என்ற கப்பலை 1961இல் தூக்கியபோது, மரம் சுருங்காமல் இருக்க பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைத் தண்ணீரில் கலந்து 17 வருடம் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். உங்களால் முடிந்தது அதில் முதல் படி மட்டும்தான். ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியில் கடல் தண்ணீர் ஊற்றி, இரண்டும் முழுதாக முழுகும்படி வைத்து, மூடி, நிழலில் வையுங்கள். சிப்பியைச் சுரண்டாதீர்கள், கம்பி பிரஷ், ஆசிட் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது, எங்கே கிடைத்தது என்று மறப்பதற்குள் எழுதுங்கள். எத்தனை பாகம் ஆழம், கரையிலிருந்து எவ்வளவு தூரம், எந்த வலை, அடி சேறா மணலா, ஜிபிஎஸ் இருந்தால் அந்த எண். பொருளைவிடச் சில சமயம் இந்தக் குறிப்புதான் முக்கியம். அழகன்குளத்தில் கிடைத்த ஒரு சின்னப் பானை ஓட்டில் யாரோ கப்பல் படம் கீறியிருந்தார்கள், அந்த ஓடு எந்த இடத்தில் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று தெரிந்ததால்தான் அதை வைத்துப் பழைய கடல் வணிகத்தைப் பற்றிப் பேச முடிகிறது.

பயம் புரிகிறது. தனியாகப் போகாதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் இரண்டு பேரோடு போய், ‘தொழில் செய்யும்போது வலையில் வந்தது, ஒப்படைக்க விரும்புகிறோம்’ என்று எழுத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ தொல்லியல் துறையிலோ கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பெயரும் படகின் பெயரும் இருக்கட்டும், நாளை அது காட்சிக்கு வைக்கப்பட்டால் எடுத்தவர் பெயரும் இருக்கவேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. விற்க மட்டும் நினைக்காதீர்கள். நூறு வருடம் கடந்த இப்படிப்பட்ட பொருள்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்தால் குற்றம். ஜாடியில் பவளம் ஒட்டியிருந்தால் இன்னும் கவனம், பவளப்பாறை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது.

வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர்: கோடியக்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்டது 2004 சுனாமியில் சரிந்துவிட்டது. மிச்சமிருப்பதை எடுத்து வந்து ஊரில் வைக்கலாமா?

கூடாது. இடம் மாறினால் அது வெறும் செங்கல். அது இருக்கும் இடத்தில் இருந்தால்தான் கடலோடிக்கு எங்கிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியும். வருடத்துக்கு ஒருமுறை அனுமதி வாங்கிப் போய், ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் படம் எடுத்து வாருங்கள். சரிவதற்கு முன்னால் எடுத்த குடும்பப் படங்கள் பல வீடுகளில் இருக்கும், அவற்றைத் திரட்டுங்கள். அது பெரிய வேலை, நீங்களே செய்யலாம்.

பழவேற்காட்டிலிருந்து ஒரு வாசகி: எங்கே பார்த்தாலும் படகு, பாய்மரம், மாலுமி என்றே பேசுகிறார்கள். என் அம்மா நாற்பது வருடம் தலையில் கூடை சுமந்து மீன் விற்றவர். இதுவும் கடல் மரபில் சேருமா?

சேரும். சேராது என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் கடற்கரை தெரியாது என்று அர்த்தம். பிடித்து வந்த மீன் கரையில் காசாக மாறாவிட்டால் மறுநாள் எந்தப் படகும் இறங்காது. கடனுக்கு மீன் எடுத்து, விற்று, கணக்குத் தீர்த்து, வட்டி கட்டி, வீட்டையும் ஓட்டியது அம்மாக்கள்தான். ஆனால் அருங்காட்சியகம் என்று ஒன்று வைத்தால் நங்கூரம் வருகிறது, கூடை வருவதில்லை. இதில் எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம் உண்டு.

அம்மாவிடம் கேட்க வேண்டியது நிறைய. எழுதப் படிக்காமல் எத்தனை வீட்டுப் பாக்கியை எப்படி நினைவில் வைத்தார். ஏலத்தில் மீன் குவியலைப் பார்த்ததும் எத்தனை கூறு வரும் என்று எப்படித் தெரிந்தது. எந்தத் தெருவில் எந்த மீன் போகும். பஸ்ஸில் ஏற்றாத நாளில் என்ன செய்தார். ஒரே மீன் சின்னதாக இருக்கும்போது ஒரு பெயர், வளர்ந்தால் இன்னொரு பெயர், அந்தப் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். கருவாடு போடுகிறவராக இருந்தால் ஒரு நாள் கூடவே இருந்து பாருங்கள். ‘கைக்கு வர்ற அளவு உப்பு’ என்பார், அவர் ஒரு பிடி எடுத்ததும் அதை வாங்கி எடை போட்டு, மீனையும் எடை போட்டுக் குறித்துவிடுங்கள். எந்த மீனுக்கு எத்தனை வெயில், மழை வந்தால் என்ன கைவைத்தியம், எல்லாம் வரும்.

வயதான பெண்களிடம் நைலான் வருவதற்கு முன்னால் இருந்த நூல் வலைகளைப் பற்றியும் கேளுங்கள். பருத்தி நூலும் சணலும் மக்காமல் இருக்க வலையைப் பனிச்சங்காய்ச் சாற்றிலோ மரப்பட்டைச் சாயத்திலோ ஊறப்போட்டுக் காயவைப்பார்கள். அந்தச் சாயம் போட்டவர்கள், வலை பின்னியவர்கள் யார் என்று கேட்டால் பாதிக்குமேல் பெண்கள் பெயர் வரும். உங்கள் ஊரிலேயே ஓலைக் கூடை முடைகிறவர்கள் இருக்கிறார்கள், ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். அம்மாவிலிருந்து ஆரம்பித்து அவர்கள்வரை போங்கள்.

வல்வெட்டித்துறையைச் சொந்த ஊராகக் கொண்ட ஒரு வாசகி: எங்கள் ஊரில் கட்டிய கப்பல் அமெரிக்கா வரைக்கும் போனதாக அம்மப்பா சொல்லுவார். உண்மையோ, சும்மா கதையோ?

உண்மை. அன்னபூரணி அம்மாள் என்பது அந்தப் பாய்க்கப்பலின் பெயர். ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். 1937இல் இலங்கையிலிருந்து கிளம்பி, சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போய், அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்ட் மாதம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஓட்டிப் போனவர்கள் உங்கள் ஊர்க் கடலோடிகள். அம்மப்பா இந்தக் கதையை யாரிடம் கேட்டார், போனவர்களில் சொந்தக்காரர் யாராவது உண்டா, அவர்கள் அனுப்பிய கடிதமோ படமோ எந்த வீட்டிலாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். கனடா, லண்டன் என்று ஊர் சிதறிக் கிடப்பதால் படங்களும் சிதறித்தான் கிடக்கும். கிடைப்பதை ஸ்கேன் செய்து நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள், ஈழத்து ஆவணங்களை அவர்கள் எண்ணிமப்படுத்தி, அதாவது டிஜிட்டல் ஆக்கி, எல்லோரும் படிக்கும்படி வைக்கிறார்கள்.

தூத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர்: பழம்பெருமை பேசினால் எங்கள் வயிறு நிறையுமா? கட்டுமரத்தில் போய் எத்தனை பேர் செத்தார்கள் தெரியுமா? இன்ஜினும் பைபரும் வந்ததால்தான் பிழைத்தோம். இதையெல்லாம் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது?

கோபம் நியாயமானது. யாரையும் திரும்பக் கட்டுமரத்தில் ஏறச் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிறவர் முதலில் தான் ஏறிப் பார்க்கட்டும். ஆனால் மரபு என்றால் பாய்மரத்தோடு முடிந்துபோனது என்று நீங்களும் நினைத்துவிட்டீர்கள், அதுதான் எனக்கு ஒப்பவில்லை. 1980களில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு குமரி, கேரளக் கரைகளில் ஒட்டுப்பலகை வள்ளங்களைக் கொண்டுவந்தது, வெளியில் பொருத்தும் இன்ஜின் பரவியது, 2004 சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க பைபர் படகு நிறைந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் யார் முதலில் துணிந்து வாங்கினார், யார் கடனில் முழுகினார், அலையில் தள்ளும் விதம் எப்படி மாறியது என்பதெல்லாம் எழுதப்படாத வரலாறு.

உங்கள் ஊர்க்காரர்கள் தூண்டில் போட்டுச் சுறா பிடிக்க நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்கள். இந்தியக் கரை நெடுக உங்கள் படகு தெரியாத துறைமுகம் குறைவு. அந்த அறிவு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கடலில் இருந்து மீண்டவர்கள் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். இன்ஜின் நின்ற பிறகு என்ன செய்தார்கள், எதைப் பிடித்து மிதந்தார்கள், எந்த அறிகுறியை முதலில் கண்டார்கள், எச்சரிக்கை எப்போது வந்தது, வந்ததா இல்லையா. இவற்றை அவர்கள் வாயால், அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்து வைப்பது உயிர் காக்கிற வேலை. நாளை நிவாரணம், எச்சரிக்கை முறை என்று அரசிடம் வாதாடும்போது கையில் ஆதாரமாகவும் இருக்கும். வயிறு நிறைவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு தம்பி.

கடலூர் மாவட்டத்திலிருந்து ஓர் ஊர்ப் பஞ்சாயத்து உறுப்பினர்: ஒரு கம்பெனி நிதி தருகிறேன் என்கிறது. கரையில் மீன் காயவைக்கும் இடத்தில் கடல்சார் அருங்காட்சியகம் கட்டலாம் என்று திட்டம். உங்கள் யோசனை?

கட்டிடத்தை வேறு இடத்தில் வையுங்கள் ஐயா. மீன் காயவைக்கும் மணல், வலை பழுது பார்க்கும் நிழல், படகு ஏற்றும் துறை, கரைவலை இழுக்கும் நீளம், இவை போய்விட்டால் உள்ளே கண்ணாடிப் பெட்டியில் வைப்பது எதை? கரைவலை இழுக்கிறவர்கள் கால் ஊன்ற இடம் இருந்தால்தான் அம்பாப் பாட்டும் இருக்கும். அந்தப் பாட்டு இழுப்பின் தாளத்தில் பிறந்தது, மேடையில் நிறுத்திப் பாடச் சொன்னால் பாடுவார்கள், ஆனால் பாதி வரியில் மூச்சு எங்கே விடுவது என்று அவர்களுக்கே குழப்பம் வந்துவிடும். இழுக்கும் இடத்திலேயே போய்ப் பதிவு செய்யுங்கள்.

நிதியில் முதல் செலவு ஒரு நல்ல வரைபடத்துக்கு ஆகட்டும். ஊர்க்காரர்கள் நடந்து காட்ட, சர்வே தெரிந்த ஒருவர் குறிக்க, பொதுவாகப் புழங்கும் ஒவ்வொரு இடத்தையும் அதன் ஊர்ப்பெயரோடு வரையுங்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளின்படி மாநில அரசு கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டம் தயாரிக்கும்போது மீனவ ஊர்களையும் அவர்களின் பொதுப் புழக்க இடங்களையும் அதில் காட்ட வேண்டும். வரைவு வெளிவரும்போது உங்கள் இடங்கள் விடுபட்டிருந்தால், இந்த வரைபடத்தையும் கிராமசபைத் தீர்மானத்தையும் இணைத்து எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பெண்களும் போய்ப் பேசட்டும். தொல்லியல், பாரம்பரியச் சின்னங்கள் உள்ள பகுதிகளுக்கு 2019 அறிவிக்கையில் மிகக் கடுமையான பாதுகாப்பு வகை இருக்கிறது, உங்கள் எல்லைக்குள் அப்படி ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அதற்குப் பிறகு பணம் மிஞ்சினால் கட்டிடத்துக்குப் பதில் ஒரு பட்டறைக் கொட்டகை போடுங்கள். படகு ஆசாரி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, இரண்டு பையன்களைக் கூட வைத்து, வருடத்துக்கு ஒரு மரக்கலம் செய்யச் சொல்லுங்கள். கரையில் சேர்த்த பொருள்களும் அங்கேயே ஒரு பக்கத்தில் இருக்கலாம். கம்பெனி பெயர்ப்பலகை வைக்கட்டும், ஆனால் பொருள்கள் யாருக்குச் சொந்தம், பதிவுகளை யார் பயன்படுத்தலாம் என்பதை முன்னாலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கீழக்கரை, பரங்கிப்பேட்டை, நாகூரிலிருந்து பலர்: மரக்கல வியாபாரம் செய்த குடும்பங்களின் பழைய கணக்கேடுகள், ஓலைகள், கடிதங்கள் வீட்டில் இருக்கின்றன. எங்கே கொடுப்பது?

அசலை அவசரப்பட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள். முதலில் நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும், வெறும் பக்கம் உட்பட, வரிசை மாறாமல் படம் எடுங்கள். லேமினேஷன் செய்யவே கூடாது, செல்லோடேப் ஒட்டக் கூடாது. கடற்கரை வீட்டில் ஈரம்தான் எதிரி, அதனால் இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பதைவிடக் காற்றோட்டமுள்ள அலமாரியில், சுவரை ஒட்டாமல், பருத்தித் துணியில் சுற்றி வைப்பது நல்லது. அர்வி எழுத்தில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், இருந்தால் ஊரில் படிக்கத் தெரிந்த பெரியவரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இரண்டையும் அணுகலாம், பழைய தாள்களையும் சுவடிகளையும் கையாளத் தெரிந்தவர்கள். எண்ணிமப் படிகளை மட்டும் வாங்கிக்கொண்டு அசலைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டு, எழுத்தில் உறுதி வாங்கிய பிறகு கொடுங்கள். ஒரு படி ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ இருக்கட்டும்.

சுவடி, கணக்கேடு பற்றி இன்னும் சில கடிதங்கள் மேசையில் இருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த இதழில் பதில் வரும். பக்கங்களின் படம் அனுப்புகிறவர்கள் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்து அனுப்புங்கள்.